நடக்காததை யார் சொல்வது? நெட்வொர்க் டிரைவருக்குள் ஓடும் டைமர்கள்

லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு இந்தக் காட்சி பழகியிருக்கும். நெட்வொர்க் திடீரென்று நின்றுபோகும். லாக்கைத் திறந்தால் "டிடெக்டட் ஹார்டுவேர் யூனிட் ஹேங்" என்று ஒரு செய்தி. இரண்டு விநாடி கழித்து அதே செய்தி. இன்னும் இரண்டு விநாடியில் மறுபடியும். அப்புறம் "நெட்டெவ் வாட்ச்டாக், டிரான்ஸ்மிட் கியூ 0 டைம்டு அவுட்" என்று வேறொரு குரல். கடைசியாக "ரீசெட் அடாப்டர் அன்எக்ஸ்பெக்டட்லி". சில விநாடிகளில் லிங்க் திரும்பிவிடும், யாரும் எதுவும் செய்யாமலே.

இன்டெலின் 1 கிகாபிட் கார்டுகளை ஓட்டும் இ1000இ டிரைவரில்தான் இந்த வரிசை. அந்த இரண்டு விநாடி எங்கிருந்து வருகிறது? வாட்ச்டாக் ஏன் உடனே குரைக்காமல் தாமதமாகக் குரைக்கிறது? இரண்டு செய்திகளையும் எழுதுவது ஒரே ஆள்தானா? டிரைவரின் சோர்ஸ் எல்லோருக்கும் திறந்தே கிடப்பதால், விடையை அதிலேயே தேடலாம்.

முதலில் ஒரு நியாயமான சந்தேகம். நெட்வொர்க் கார்டு என்பதே இன்டரப்ட், அதாவது சிபியூவின் கவனத்தை இழுக்கும் சிக்னல், கொடுக்கும் சாதனம். பாக்கெட் வந்தால் சொல்லும், அனுப்பி முடித்தால் சொல்லும், கேபிளைப் பிடுங்கினாலும் சொல்லும். அப்படியிருக்க டைமர் எதற்கு? காரணம் எளிது. இன்டரப்ட் நடந்ததை மட்டும்தான் சொல்லும். "அனுப்பச் சொன்ன பாக்கெட் இன்னும் போகவில்லை" என்பதற்கு இன்டரப்ட் கிடையாது, கொடுக்க வேண்டிய கார்டே அல்லவா மயங்கிக் கிடக்கிறது? நடக்காமல் போனதைக் கண்டுபிடிக்க வெளியே ஒரு கடிகாரம் வேண்டும். நெட்வொர்க் டிரைவரில் இருக்கும் டைமர்களில் பல இந்த அவநம்பிக்கையில் பிறந்தவைதான்.

அந்தக் கடிகாரம், லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் ஜிஃபீஸ். மெஷின் ஆன் ஆனதிலிருந்து ஒவ்வொரு டிக்குக்கும் ஒன்று கூடிக்கொண்டே போகும் எண். விநாடிக்கு எத்தனை டிக் என்பதுதான் ஹெச்இசட். கர்னல் 2.4 காலத்து இன்டெல் மெஷின்களில் 100, 2.6 வந்தபோது 1000, பிறகு 2005இல் 2.6.13இல் 250 இயல்பு மதிப்பானது. டிரைவரில் "2 * ஹெச்இசட்" என்று எழுதியிருந்தால், டிக் வேகம் எதுவானாலும் அது இரண்டு விநாடி.

32 பிட் மெஷினில் இந்த எண் நிரம்பிப்போய் மறுபடி சைபரிலிருந்து தொடங்கும். ஹெச்இசட் 1000 என்றால் 49.7 நாளில், 100 என்றால் சுமார் 497 நாளில். "இப்போதைய ஜிஃபீஸ் பெரிதா, கெடு பெரிதா" என்று நேரடியாக ஒப்பிடும் டிரைவர் அந்த நாளில் குழம்பிவிடும். இதற்காகவே டைம்_ஆஃப்டர், டைம்_பிஃபோர் என்று மேக்ரோக்கள் இருக்கின்றன. கழித்துப் பார்த்து மிச்சத்தின் குறியைப் பார்ப்பதால், எண் சுற்றி வந்தாலும் கணக்கு தப்பாது. சரி, இதை மறந்துவிட்டவரை எப்படிப் பிடிப்பது? 49 நாள் மெஷினை ஓடவிட்டுச் சோதிப்பவர் யார்? கர்னல்காரர்கள் ஒரு குறும்பு செய்தார்கள்: ஜிஃபீஸ் சைபரில் தொடங்குவதில்லை. நிரம்புவதற்குச் சரியாக ஐந்து நிமிடம் முன்பிருக்கும் மதிப்பில் தொடங்குகிறது. தப்பாக ஒப்பிட்ட கோடு, பூட் ஆன ஐந்தாவது நிமிடத்திலேயே மாட்டிக்கொள்ளும்.

டைமர் வைப்பது சுலபம். டிரைவர் தொடங்கும்போது டைமர்_செட்அப் மூலம் எந்த ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டு, மாட்_டைமர் மூலம் நேரத்தைக் குறிக்க வேண்டும். டைமர் ஒருமுறைதான் அடிக்கும். திரும்பத் திரும்ப வேண்டுமென்றால் அந்த ஃபங்ஷனே தன்னை மறுபடி பதிவு செய்துகொள்ள வேண்டும். இந்த விஷயம் பின்னால் பெரிய தலைவலியாகப் போகிறது.

பதிவான டைமர்கள் டைமர் வீல் என்ற அமைப்பில் உட்கார்கின்றன. ஜார்ஜ் வர்கீஸும் டோனி லாக்கும் 1987இல் முன்வைத்த யோசனை அது. லினக்ஸில் இப்போதிருக்கும் வடிவம் தாமஸ் க்ளைக்ஸ்னர் 2016இல், 4.8 பதிப்பில், திருத்தி எழுதியது. கெடு தள்ளிப்போகப் போக அதன் துல்லியம் குறையும் என்பதுதான் இதன் சாமர்த்தியம். ஹெச்இசட் 250 என்று வைத்துக்கொள்வோம். கால் விநாடிக்குள் அடிக்க வேண்டிய டைமருக்கு 4 மில்லிவிநாடித் துல்லியம். 2 விநாடி வரைக்கும் 32 மில்லிவிநாடி. 16 விநாடி வரைக்கும் 256 மில்லிவிநாடி. அதாவது ஐந்து விநாடி டைமர் கால் விநாடி வரை தாமதமாக அடித்தாலும் கர்னல் அலட்டிக்கொள்ளாது. துல்லியத்தை ஏன் இப்படி விட்டுக்கொடுக்கிறார்கள் என்றால், இந்த டைமர்களில் பெரும்பாலானவை டைம்அவுட்டுகள். காரியம் ஒழுங்காக நடந்தால் அடிக்கும் முன்பே ரத்தாகிவிடும், அல்லது தள்ளிவைக்கப்படும். அடிக்கவே போகாத மணிக்கு மில்லிவிநாடித் துல்லியம் எதற்கு?

மைக்ரோவிநாடிக் கணக்கு வேண்டியவர்களுக்கு எச்ஆர்டைமர் தனியாக இருக்கிறது. அது 2006இல், 2.6.16இல் வந்தது. கீழே அதற்கும் ஒரு வேலை வரும்.

இனி இ1000இ டிரைவரின் இரண்டு விநாடி டைமரை அருகில் போய்ப் பார்ப்போம். அதற்கும் வாட்ச்டாக் என்றுதான் பெயர், கர்னலின் வாட்ச்டாக் வேறு. ஒரே பெயரில் இரண்டு இருப்பது படிப்பவர்களைக் கொஞ்சம் சுற்றவிடும். டிரைவரின் வாட்ச்டாக் ஒவ்வொரு முறை எழும்போதும் சில வேலைகளைச் செய்கிறது. லிங்க் இருக்கிறதா என்று பார்க்கும், புதிதாக வந்திருந்தால் வேகம் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளும். கார்டின் கவுன்ட்டர்களைப் படித்துத் தன் கணக்கில் கூட்டிக்கொள்ளும். பைட் கவுன்ட்டர் 32 பிட்டாக இருக்கும் கார்டு முழு கிகாபிட் வேகத்தில் ஓடினால் 34 விநாடியில் நிரம்பிவிடும், ஆகவே இதை அடிக்கடி செய்தாக வேண்டும். லிங்க் போய்விட்டது, ஆனால் அனுப்ப வேண்டிய பாக்கெட்டுகள் ரிங்கில் (டிரைவரும் கார்டும் பகிர்ந்துகொள்ளும் வட்ட வரிசையில்) தேங்கிக் கிடக்கின்றன என்றால், அவை இனிப் போகாது என்று முடிவுகட்டி கார்டை ரீசெட் செய்யச் சொல்லும்.

சுவாரசியம் அடுத்த இரண்டு அடிகளில்தான். அனுப்புதல் மாட்டிக்கொண்டதா என்று பார்க்கச் சொல்லி ஒரு கொடியை உயர்த்துகிறது. கூடவே, கார்டின் ஒரு ரெஜிஸ்டரில் எழுதி, "எனக்கு ஒரு இன்டரப்ட் கொடு" என்று கார்டையே கேட்கிறது. வழியில் ஏதாவது இன்டரப்ட் தவறிப்போயிருந்தாலும், இந்தச் செயற்கை இன்டரப்ட்டால் ரிங் சுத்தமாகிவிடும். பெரும்பாலான கார்டுகளில் அதே ஓட்டத்தில் அனுப்பும் ரிங்கும் பார்வையிடப்படும். அங்கே ஒவ்வொரு பாக்கெட்டோடும், அதை ரிங்கில் வைத்த ஜிஃபீஸ் நேரம் எழுதப்பட்டிருக்கும். கொடி உயர்ந்திருந்தால், தலையில் நிற்கும் பாக்கெட் எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறது என்று டைம்_ஆஃப்டர் கணக்குப் போடும்.

எவ்வளவு நேரம் பொறுக்கலாம் என்பது லிங்க் வேகத்தைப் பொறுத்தது: கிகாபிட்டில் 1 விநாடி, 100 மெகாபிட்டில் 10 விநாடி, 10 மெகாபிட்டில் 16 விநாடி. இன்னொரு நிபந்தனையும் உண்டு. எதிர்ப்பக்க சுவிட்ச் "கொஞ்சம் நிறுத்து" என்று பாஸ் ஃப்ரேம் அனுப்பியிருந்தால் கார்டு அனுப்பாமல் நிற்பது நியாயம்தான், அதை ஹேங் என்று எண்ணக் கூடாது. அதனால் கார்டின் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் அந்த பிட் இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். எல்லாம் சரி, ஆனாலும் பாக்கெட் போகவில்லை என்றால்தான் "ஹார்டுவேர் யூனிட் ஹேங்" என்ற செய்தி. கூடவே ரிங்கின் தலை, வால் எங்கே நிற்கின்றன, பாக்கெட்டின் நேரம் என்ன, இப்போதைய ஜிஃபீஸ் என்ன என்றெல்லாம் அச்சாகும். லாக்கில் அந்த இரண்டு நேரங்களையும் கழித்துப் பார்த்தால், பாக்கெட் எவ்வளவு நேரம் மாட்டியிருந்தது என்று நீங்களே கணக்கிடலாம்.

இந்தச் செய்தி எழுதப்படும்போது டிரைவர் இன்னொன்றும் செய்கிறது: அனுப்பும் கியூவை நிறுத்திவிடுகிறது. கர்னலின் வாட்ச்டாக் களத்துக்கு வருவது இதனால்தான். அது எல்லா நெட்வொர்க் கார்டுகளுக்கும் பொதுவானது. அதன் விதி: கியூ நின்றிருக்க வேண்டும், கடைசியாகப் பாக்கெட் கொடுத்து ஐந்து விநாடிக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். ஐந்து என்பது டிரைவர் மாற்றிக்கொள்ளக்கூடிய மதிப்பு. முதல் நிபந்தனையைக் கவனியுங்கள். ரிங் நிரம்பாமல் கியூ திறந்தே இருந்தால், பாக்கெட் எத்தனை நேரம் மாட்டிக் கிடந்தாலும் கர்னல் வாயே திறக்காது. போக்குவரத்துக் குறைவான மெஷினில் ரிங் நிரம்ப எவ்வளவு நேரமாகுமோ! ஆகவேதான் டிரைவர் தன் பங்குக்கு ஒரு காவல் வைத்து, மாட்டிக்கொண்டது தெரிந்ததும் கியூவை நிறுத்தி, கர்னலின் கவனத்தை இழுக்கிறது. ஹேங் செய்தி இரண்டு விநாடிக்கு ஒருமுறை சில தடவை வந்த பிறகுதான் வாட்ச்டாக் செய்தி வருவதன் காரணம் இது. டிரைவரின் கடிகாரம் ஒன்று, கர்னலின் கடிகாரம் மற்றொன்று.

கர்னல் வாட்ச்டாக் டிரைவரைக் கூப்பிட்டதும் இ1000இ அங்கேயே கார்டை ரீசெட் செய்வதில்லை. ஒரு எண்ணிக்கையைக் கூட்டிவிட்டு, ரீசெட் வேலையை வொர்க்கியூவில் (பிறகு செய்ய வேண்டிய வேலைகளின் வரிசையில்) போட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறது. டைமர் ஃபங்ஷன் ஓடுவது சாஃப்ட் இன்டரப்ட் சூழலில், அங்கே தூங்கக் கூடாது. மியூடெக்ஸ் என்ற லாக்கை எடுக்கக் கூடாது, காத்திருந்து மெமரி கேட்கக் கூடாது, எம்ஸ்லீப் போட்டுச் சில மில்லிவிநாடி தூங்கக் கூடாது. கார்டை ரீசெட் செய்ய இவை எல்லாமே வேண்டும். அதே காரணத்தால் டிரைவரின் இரண்டு விநாடி டைமரும் உண்மையில் ஒன்றும் செய்வதில்லை. அடித்ததும் ஒரு வொர்க்கைத் தட்டி எழுப்பும், அவ்வளவுதான். மேலே சொன்ன வேலைகளெல்லாம் அந்த வொர்க்கில் நடக்கின்றன. வொர்க் முடியும்போது டைமரை மறுபடி இரண்டு விநாடிக்குப் பதிவு செய்யும்.

"இரண்டையும் சேர்த்து, கெடு முடிந்ததும் தானே ஓடும் டிலேய்டு வொர்க் ஆக்கிவிடலாமே" என்று யாருக்கும் தோன்றும். 2019இல் இ1000இ டிரைவரில் அப்படியே மாற்றினார்கள். டிரைவர் கிராஷ் ஆகிறது, இணைப்பு அறுகிறது என்று புகார் வந்து 2020 தொடக்கத்தில் பழையபடி திருப்பிவிட்டார்கள். அண்ணன் டிரைவரான இ1000 மட்டும் பல ஆண்டுகளாக டிலேய்டு வொர்க்கில் நன்றாகவே ஓடுகிறது. பார்க்க ஒன்றுபோல இருக்கும் டிரைவர்களில் ஒன்றில் செய்ததை மற்றொன்றில் அப்படியே நகலெடுக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

லிங்க் பார்க்கும் வேலைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1990களில் டொனால்ட் பெக்கர் எழுதிய டிரைவர்கள் பலவற்றிலும் ஒரு மீடியா டைமர் இருக்கும். 3காம் கார்டுகளுக்கான 3சி59எக்ஸ் டிரைவர், லிங்க் நன்றாக இருந்தால் 60 விநாடிக்கு ஒருமுறை, இல்லாவிட்டால் 5 விநாடிக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும். இன்று ஃபைலிப் என்ற பொது நூலகம் அதை எடுத்துக்கொண்டிருக்கிறது. கேபிளோடு நேரடியாகப் பேசும் ஃபை சிப்புக்கு இன்டரப்ட் இல்லை என்றால் விநாடிக்கு ஒருமுறை விசாரிக்கும். அங்கேயும் ஒரு நுணுக்கம்: ஃபையின் லிங்க் பிட், இடையில் ஒரு கணம் லிங்க் விழுந்திருந்தால் அதை நினைவில் வைத்திருந்து, அடுத்த வாசிப்பில் "இல்லை" என்று சொல்லும். இப்போதைய நிலை தெரிய வேண்டுமென்றால் இன்னொரு முறை படிக்க வேண்டும். ஒரு விநாடி இடைவெளியில் விழுந்து எழுந்த லிங்க்கைக்கூடத் தவறவிடாமல் இருக்க ஹார்டுவேர்க்காரர்கள் செய்து வைத்த உதவி அது.

டைமர் எல்லாம் பொறுமையானவை என்றும் இல்லை. பழைய டியூலிப் டிரைவரில், வரும் பாக்கெட்டுகளுக்கு இடம் ஒதுக்க மெமரி கிடைக்காமல் போனால், ஒரே ஒரு டிக் தள்ளி டைமர் வைத்து மறுபடி கேட்டுப் பார்க்கும். ரிங் காலியாகவே கிடந்தால் கார்டு எதையும் வாங்க முடியாது, வாங்காவிட்டால் இன்டரப்ட் வராது, இன்டரப்ட் வராவிட்டால் மெமரி கேட்க ஆளே இல்லை. அந்தப் பூட்டைத் திறக்க ஒரு டிக் டைமர்.

இதுவரை பார்த்தவை எல்லாம் சிபியூ பக்கத்துக் கடிகாரங்கள். கார்டுக்குள்ளேயும் டைமர்கள் இருக்கின்றன, அவற்றின் வேலை நேர்மாறானது. கர்னல் டைமர்கள் வராத இன்டரப்ட்டைத் தேடுகின்றன என்றால், கார்டின் டைமர்கள் வரக்கூடிய இன்டரப்ட்டை அடக்கிவைக்கின்றன. கிகாபிட் லிங்க்கில் மிகச் சிறிய பாக்கெட்டுகள் விநாடிக்கு 14,88,095 வரை வரலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு இன்டரப்ட் என்றால் 672 நானோவிநாடிக்கு ஒன்று. சிபியூ வேறு எந்த வேலையும் பார்க்க முடியாது.

இன்டெல் கார்டுகளில் இதற்கு மூன்று டைமர்கள். முதலாவது, பாக்கெட் வந்ததும் இன்டரப்ட் கொடுக்காமல் கொஞ்சம் பொறுக்கும். அதற்குள் இன்னொரு பாக்கெட் வந்தால் மறுபடி முதலிலிருந்து எண்ணும். ஷேர் ஆட்டோக்காரர் "இன்னும் ஒருத்தர், இன்னும் ஒருத்தர்" என்று நிற்பதுபோல. ஆள் வந்துகொண்டே இருந்தால் வண்டி கிளம்பவே கிளம்பாது, முதலில் ஏறியவர் கதி அதோகதி. அதனால் இரண்டாவது டைமர்: முதல் பாக்கெட் வந்ததிலிருந்து எண்ணத் தொடங்கும், இடையில் யார் வந்தாலும் திரும்பத் தொடங்காது, கெடு முடிந்ததும் இன்டரப்ட் போய்விடும். இரண்டுமே 1.024 மைக்ரோவிநாடி அலகில் எண்ணுகின்றன.

மூன்றாவது ஐடிஆர் ரெஜிஸ்டர். இரண்டு இன்டரப்ட்டுக்கு நடுவில் குறைந்தது இவ்வளவு இடைவெளி வேண்டும் என்று 256 நானோவிநாடி அலகில் சொல்வது. விநாடிக்கு 8000 இன்டரப்ட் போதும் என்றால் இடைவெளி 125 மைக்ரோவிநாடி, ரெஜிஸ்டரில் எழுத வேண்டியது 488. நடைமுறையில் டிரைவர் இதை நிலையாக வைப்பதில்லை. வரும் போக்குவரத்து எப்படி இருக்கிறது என்று பார்த்து, பெரிய ஃபைல் இறங்குவதுபோல் இருந்தால் விநாடிக்கு 4000 ஆகக் குறைக்கும், சின்னச் சின்ன கேள்வி-பதிலாக இருந்தால் 20,000 வரை ஏற்றும். முழு அளவுப் பாக்கெட்டுகள் கிகாபிட்டில் விநாடிக்கு 81,274 தான் வர முடியும். ஆகவே 4000இல் ஒவ்வொரு இன்டரப்ட்டுக்கும் சுமார் இருபது பாக்கெட் சேரும், 20,000இல் நாலு.

முதல் டைமருக்கு இயல்பு மதிப்பு சைபர், அதாவது பயன்படுத்துவதே இல்லை. இன்டெல் தன் டிரைவர் குறிப்பிலேயே எச்சரிக்கிறது: இதைச் சைபர் அல்லாத மதிப்புக்கு மாற்றினால் சில சூழல்களில் கார்டு அனுப்புவதை நிறுத்திவிடலாம், அப்போது வாட்ச்டாக் செய்தி வரும், கார்டு தானாக ரீசெட் ஆகும் என்று. கார்டுக்குள் இருக்கும் ஒரு டைமரைக் கைவைத்ததன் விளைவை, கர்னலுக்குள் இருக்கும் இன்னொரு டைமர் வந்து சரிசெய்கிறது! கார்டின் அமைப்புகளை மாற்றும் எத்டூல் கருவியில் எண்களை மாற்றிப் பார்க்கும் ஆர்வம் எல்லோருக்கும் உண்டு. ஐடிஆர் பக்கம் விளையாடினால் போதும் என்பது என் கருத்து.

இன்டரப்ட் வந்த பிறகு நாப்பி முறை பொறுப்பேற்கும்: இன்டரப்ட்டை அணைத்துவிட்டு, ஒரு சுற்றுக்கு 64 பாக்கெட் வரை கேட்டு வாங்கும். ரிங் காலியானால்தான் இன்டரப்ட்டைத் திறக்கும். 2020இல், 5.8இல், இங்கேயும் ஒரு டைமர் சேர்ந்தது. ரிங் காலியானாலும் இன்டரப்ட்டைத் திறக்காமல், எச்ஆர்டைமர் ஒன்றை வைத்துவிட்டு, அது அடித்ததும் போய்ப் பார்க்கலாம். கார்டின் டைமர் செய்த வேலையை இப்போது சிபியூவின் டைமரும் செய்கிறது. மைக்ரோவிநாடிக் கணக்கு என்பதால் டைமர் வீல் இங்கே உதவாது.

கார்டுக்கென்று தனிக் கடிகாரம் இருப்பதும் ஒரு டைமரைப் பிறப்பிக்கும். நேரம் ஒத்திசைக்கும் பிடிபி வசதியுள்ள இன்டெல் 82580 சிப்பில் நானோவிநாடி எண்ணும் கவுன்ட்டர் 40 பிட்தான். சுமார் 18 நிமிடத்தில் சுற்றிவிடும். அது சுற்றியதை யாரும் பார்க்காவிட்டால் நேரம் பின்னால் போய்விடும். அதனால் ஐஜிபி டிரைவர் ஒன்பது நிமிடத்துக்கு ஒருமுறை, யாரும் கேட்காவிட்டாலும், அதைப் படித்து வைத்துக்கொள்கிறது. சுற்றும் நேரத்தில் பாதிக்குள் ஒருமுறை படித்துவிட்டால் போதும் என்ற கணக்கு.

இத்தனை டைமர்களும் விழித்துக்கொண்டே இருந்தால் லேப்டாப் பேட்டரி என்னாவது? 2007இல், 2.6.20இல் ரவுண்ட்_ஜிஃபீஸ் வந்தது. இரண்டு விநாடி என்றால் சரியாக இரண்டு விநாடி வேண்டாம், முழு விநாடிக்கு ஒட்டி அடித்தால் போதும் என்று டைமர்களை ஒன்றாகச் சேர்க்கும், சிபியூ ஒரே விழிப்பில் எல்லாவற்றையும் முடித்துவிடும். எல்லா சிபியூவும் ஒரே கணத்தில் எழுந்து இடித்துக்கொள்ளாமல் இருக்க, சிபியூவுக்கு மூன்று டிக் வீதம் தள்ளியும் வைக்கிறது. இ1000இ தன் இரண்டு விநாடி டைமரை இப்படித்தான் பதிவு செய்கிறது.

டைமரை வைப்பது ஐந்து நிமிட வேலை. அதை நிறுத்துவதில்தான் டிரைவர் எழுதுபவர்களின் தூக்கம் போகிறது. டிரைவரை அன்லோட் செய்கிறோம். டைமர்_டிலீட்_சிங்க், முன்பு டெல்_டைமர்_சிங்க் என்று அழைக்கப்பட்டது, வேறு சிபியூவில் டைமர் ஃபங்ஷன் ஓடிக்கொண்டிருந்தால் அது முடியும்வரை காத்திருக்கும். நல்லது. ஆனால் டைமர் தட்டி எழுப்பிய வொர்க் அந்த நேரத்தில் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறதே? அது முடியும்போது டைமரை மறுபடி பதிவு செய்துவிடும். அப்புறம் வொர்க்கை ரத்து செய்தாலும் பயனில்லை, டைமர் மறுபடி வீலில் உட்கார்ந்தாயிற்று. வரிசையை மாற்றி முதலில் வொர்க், பிறகு டைமர் என்று நிறுத்தினால், இடையில் அடிக்கும் டைமர் வொர்க்கை எழுப்பிவிடும். டிரைவரின் மெமரி விடுவிக்கப்பட்டு, இரண்டு விநாடி கழித்து டைமர் அடிக்கும்போது, அந்த இடத்தில் வேறு யாருடைய தரவோ இருக்கும். கிராஷ் நெட்வொர்க்குக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் தெரியும், பார்ப்பவர் ஃபைல் சிஸ்டத்தைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பார்.

இ1000இ இதற்குக் கண்ட வழி ஒரு கொடி. ரிமூவ் ஃபங்ஷனில் தொடக்கத்திலேயே "டவுன்" என்ற பிட்டை உயர்த்துகிறார்கள். டைமர்கள் மறுபடி பதிவாகிவிடக்கூடும், அதனால் வெளிப்படையாகத் தடுக்கிறோம் என்று அதன் மேலேயே கமென்ட் எழுதியிருக்கிறார்கள். வாட்ச்டாக் வொர்க், டைமரைப் பதிவு செய்யும் முன் அந்த பிட்டைப் பார்க்கும். உயர்ந்திருந்தால் பதிவு செய்யாது. பிறகு டைமர்கள், அதன் பிறகு வொர்க்குகள் என்று வரிசையாக நிறுத்துகிறார்கள்.

ஒவ்வொரு டிரைவரும் இப்படித் தனக்கென்று ஒரு கொடி வைத்துக்கொண்டு, அதில் ஓட்டை விட்டுக்கொண்டிருந்ததால், 2023இல் வந்த 6.2 பதிப்பில் டைமர்_ஷட்டவுன்_சிங்க் சேர்க்கப்பட்டது. இது டைமரை நிறுத்துவதோடு, கூப்பிட வேண்டிய ஃபங்ஷனையே அழித்துவிடும். அதற்குப் பிறகு யார் மாட்_டைமர் போட்டாலும் சத்தமில்லாமல் நிராகரிக்கப்படும். டைமரை ஷட்டவுன் செய், வொர்க்கை ரத்து செய், மெமரியை விடு. சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்துவிடுகிறது.

அப்படியும் ஒரு பொறி பாக்கி இருக்கிறது. டைமர் ஃபங்ஷன் எடுக்கும் அதே லாக்கைக் கையில் வைத்துக்கொண்டு டைமர் முடிய வேண்டும் என்று காத்திருந்தால், அது இதற்காகவும் இது அதற்காகவும் நின்றுகொண்டே இருக்கும். வொர்க்கிலும் இதே கதைதான். நெட்வொர்க் இன்டர்ஃபேஸை மூடும்போது ஆர்டிஎன்எல் என்ற பொது லாக்கை கர்னல் ஏற்கனவே பிடித்திருக்கும். ரீசெட் வொர்க்கும் அதே லாக்கைக் கேட்டால், மூடும் ஃபங்ஷனுக்குள்ளிருந்து அந்த வொர்க்கை ரத்து செய்யக் காத்திருக்கக் கூடாது. புது டிரைவர் ஒன்றைப் படிக்க உட்கார்ந்தால் நான் முதலில் திறப்பது ரிமூவ் ஃபங்ஷனையும் மூடும் ஃபங்ஷனையும்தான். டிரைவர் தொடங்கும் ப்ரோப் ஃபங்ஷனில் எத்தனை டைமர் தொடங்கியது, இங்கே எத்தனை நின்றது, நிறுத்தும்போது எந்த லாக் கையில் இருக்கிறது. டிரைவர் எப்படிப்பட்டது என்று அந்த இருபது முப்பது வரிகளிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்.